பாதி துடைத்த தகடு

இல்லை நண்பர்களே, நயினார் யாரையும் கூப்பிடாமல் போகவில்லை. கூப்பிட்டார். எங்களுக்கு மறுநாள்தான் கேட்டது.

பௌர்ணமி மாலை. கிரிவலக் கூட்டம் பெருகி, வழக்கம்போல் கைபேசிகள் முடங்கிவிட்டன. வேங்கிக்காலில் நாங்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஓர் ஆட்டோக்காரர் வந்தார்.

"உங்க நயினாரு போயிட்டாருங்க. அடி அண்ணாமலையில, அந்தக் கம்பத்துல சாஞ்சு உக்காந்தபடியே."

அந்தக் கம்பத்தில் எங்கள் பெட்டி இருக்கிறது. கணினி மையம் நடத்திய நயினார், எங்களைச் சேர்த்துக்கொண்டு கிரிவலப் பாதை நெடுகக் கட்டிய பெட்டிகளில் ஒன்று. மயங்கி விழுந்தவர், வழி தவறியவர் பற்றிய செய்தியை, கைபேசிக் கோபுரம் இல்லாமலே, ஒரு பெட்டி வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும். தலைமைப் பெட்டி கிடையாது. மின்சாரத்துக்கு மேலே ஒரு சூரியத் தகடு, வேலை செய்வதைக் காட்ட ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான்.

செய்தி பெற்றவர் பதில் போட வேண்டும் என்பது அவர் வைத்த விதி. "அனுப்பிட்டேன்னு எங்கிட்ட சொல்லாதம்மா. அவங்களுக்குக் கிடைச்சுதா, அதச் சொல்லு."

ஒருமுறை ஒரு பெட்டிக்குள் எறும்பு குடியேறியிருந்தது. நான் ஊதப் போனேன். தடுத்தார். அவர் ஜைனர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். மூடியைத் திறந்து வைத்துவிட்டு வெயிலில் நின்றார். "அதுங்களா போகும். நமக்கென்ன, ரயிலா புடிக்கணும்?" கடைசி எறும்பு போனபின்தான் கை வைத்தார்.

பிறகு செய்திகள் தாமதிக்கத் தொடங்கின. தொலைந்துபோன ஓர் அம்மா கிடைத்துவிட்டார் என்ற செய்தி, அவர் பிள்ளைகள் அழுது ஓய்ந்த பிறகு காலையில் வந்தது. சில செய்திகள் வரவே இல்லை. நாங்கள் நிரலைக் குடைந்தோம். நயினார் ஒவ்வொரு செய்தியும் எங்கே நின்றது என்று பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "லேட்டா வர்றதுகூடப் பரவால்ல. ஏன் லேட்டுன்னு தெரியல பாரு, அதான் பயமா இருக்கு."

அடி அண்ணாமலையில் நின்றார். தகடு முழுக்கச் சந்தனம், குங்குமம். மேலே சாமந்தி மாலை. வெயில் உள்ளே இறங்கவில்லை. பெட்டி செய்தியை வாங்கும். கொடுக்கத் தெம்பில்லாமல் தூங்கிவிடும்.

கம்பத்தடியில் பூ விற்கும் அக்கா சிரித்தார். "மினுக்கு மினுக்குனு லைட்டு எரியுது. சும்மா விடுவாங்களா?"

"அது சாமி இல்லம்மா. தபால் பெட்டி."

"உன் தபால் பெட்டிக்குத்தான் இங்க கூட்டம் ஜாஸ்தி. உண்டியல் எங்கன்னு என்னைக் கேக்குறாங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமியும் தகட்டைத் துடைக்க அவரே போனார். இந்த முறையும் போனார்.

மறுநாள் காலை, வெயில் ஏறியதும் என் திரையில் அவர் பெயர். "மூச்சு வாங்குது. பெட்டிக்கிட்ட உக்காந்திருக்கேன். யாராச்சும் வாங்க."

நான் அங்கே போனேன். தகட்டில் பாதி துடைக்கப்பட்டிருந்தது. அந்தப் பாதியில் விழுந்த வெயில்தான் பெட்டியை எழுப்பியிருக்கிறது.

பெட்டி, அனுப்புகிறவரின் செய்திகளுக்கு அன்றன்றைக்கு வரிசை எண் இடும். எனக்கு வந்தது இரண்டாவது. முதலாவது இன்னும் வரவில்லை. அது யாருக்கு என்று தெரியாது. என்ன கேட்டார் என்று தெரியாது. நம்மில் ஒருவருக்காக அது அந்தப் பெட்டிக்குள் கிடக்கலாம். எங்கேயும் இல்லாமலும் போயிருக்கலாம். அடுத்த பௌர்ணமி நெருங்குகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி: கிடைச்சுதா?

நண்பர்களே, நேற்று நீங்கள் அவர் நினைவாக அந்தக் கம்பத்துக்குப் போட்ட பெரிய ரோஜா மாலையைப் பார்த்தேன். துடைத்த பாதியின் மேல் கிடந்தது. விளக்கு எரியவில்லை.

பூக்கார அக்காவிடம் ஸ்டூல் வாங்கி ஏறினேன். மாலையைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். மீதிப் பாதியைத் துடைத்தேன். கீழே உட்கார்ந்து, விளக்கு எரியக் காத்திருந்தேன்.