மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்

ராயப்பன்பட்டி செலினின் கணவர் இமானுவேல் வாடகைக் கார் ஓட்டினார். வெளிநாடு போகிறவர்களை மதுரை விமான நிலையத்தில் இறக்கிவிடுவதுதான் பெரும்பாலும் அவருக்குச் சவாரி. பதினாறு வருஷம் அந்த வாசல்வரை போனவர், ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

போன ஐப்பசியில், மழைச் சாலையில் பைக் சறுக்கி அவருக்குத் தலையில் அடிபட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் நான்காம் நாள், மூளை செயலிழந்துவிட்டது, இனி மீட்க முடியாது என்றார்கள். இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சென்னையில் ஒருவருக்கு அது பொருந்தும். எடுத்த நாலு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ரோட்ல போனா எட்டு மணி நேரம் ஆகுமே சார்?” என்றாள் செலின்.

“ஐஸ் பெட்டில வச்சு பிளைட்ல கொண்டுபோறோம்மா. வானத்துல நானூத்தி இருபது கிலோமீட்டர்தான். ஒன்னேகால் மணி நேரம்.”

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடக்கம் முடிந்தது. நாற்பதாம் நாள் பூசையும் முடிந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரம் மட்டும் அவளுக்குள் முடியவில்லை. அவர் உடம்பு மதுரையில் கிடந்தது. இதயம் அதுவரை சென்னைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்திருப்பார்? சர்ச் சாமியாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. படுத்தால் தூக்கமும் வரவில்லை.

திராட்சைத் தோட்டத்துக்குக் கொடிகளைக் கவாத்து வெட்டப் போனாள். பந்தலைத் தாங்கும் கல்தூண் வரிசை ஒன்றை முடிக்க ஏறக்குறைய அதே நேரம் ஆயிற்று. முதல் தூண் மதுரை. நடுவில் திருச்சி. கடைசித் தூண் சென்னை. கத்தரி தானாக நகரும். இலைகளுக்கு மேலே அவள் மெல்ல மிதந்துகொண்டிருப்பாள்.

“ஏத்தா செலினு, கூப்புடக் கூப்புடக் கேக்கலையா? எங்கன இருக்க?” என்று அடுத்த வரிசையிலிருந்து பாண்டீஸ்வரி சத்தம் போட்டாள்.

“விழுப்புரத்துக்கு மேல” என்றாள் செலின்.

பாண்டீஸ்வரி திகைத்துப்போய்த் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

அன்று சாயங்காலமே, சென்னையில் நர்சிங் படிக்கும் மகள் மெர்லினுக்குப் போன் செய்தாள். “ஒன்னயப் பாக்க வாரேன்டி. பிளைட்ல.”

“பிளைட்லயா? எதுக்கும்மா?”

“ஒரே ஒரு தடவ.”

மெர்லின் காலை விமானம் எதுவென்று தேடினாள். பிறகு, “சன்னல் சீட்டு போடுறேன்” என்றாள்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் உத்தமபாளையம் ஏலக்காய் வியாபாரி ஜெய்லானி உட்கார்ந்திருந்தார். பெல்ட் மாட்டச் சொல்லிக்கொடுத்தார். “மொதத் தடவயாம்மா? காது அடைக்கும், எச்சி முழுங்கிக்கிருங்க.”

விமானம் எழுந்தது. கண்மாய்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. பிறகு மேகம் வந்தது. அதன் வெண்மையில் திசை இல்லை, சத்தம்கூடத் தூரத்தில் கேட்டது. திருச்சிக்கு மேலே மேகம் விலகியது. காவிரியும் கொள்ளிடமும் இரண்டு வெள்ளிக் கோடுகளாகப் பிரிந்து போயின.

இதைத்தானா அவுக பார்த்தாக? பெட்டிக்குள்ளிருந்து எதைப் பார்க்க முடியும்? ஆனாலும் பயப்படுகிற இடமாக அது தெரியவில்லை. இறக்கையில் காலை வெயில் அசையாமல் கிடந்தது. யாரோ தூக்கிவைத்து மெதுவாக நடப்பதுபோல இருந்தது. கண் செருகியது. கனவில் இமானுவேல் வரவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது.

“அம்மா, சென்னை வந்துருச்சு” என்று ஜெய்லானி எழுப்பினார். “நல்லாத் தூங்கிட்டீக.”

வெளியே மெர்லின் நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டாள். செலினுக்குப் பசித்தது. பொங்கலும் வடையும் வாங்கி, வெகுநாளைக்குப் பிறகு மீதி வைக்காமல் சாப்பிட்டாள்.

“திரும்பிப் போறதுக்கும் பிளைட்லயே போடவாம்மா?”

“வேணாம்டி” என்று கை கழுவ எழுந்தாள் செலின். “பஸ்ல போய்க்கிறேன். எனக்கு என்ன அவசரம்?”