முன்னால் கெட்டி, பின்னால் தண்ணி

என் அத்தானுக்கு உருப்படியாகத் தெரிந்தது இரண்டே வேலை. ஒன்று, மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை. இன்னொன்று, அக்கா பந்தயத்தில் ஓட்டும் ரிமோட் பொம்மை லாரிக்கு டிஃபரன்ஷியல் பார்ப்பது.

ஆமாம், ஓட்டுவது அக்காதான். தையல் மெஷினோடு மல்லுக்கட்டிய விரல்கள் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மண் மைதானத்தில் அவள் ரிமோட்டைப் பிடித்தால் மற்றவர்கள் தங்கள் லாரியை ஒதுக்கி வழிவிடுவார்கள். அத்தான் பிடித்தால் லாரி நேராகச் சுவரைத் தேடிப் போகும்.

டிஃபரன்ஷியல் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் அதனதன் வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரப் பெட்டி அது. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. உள்ளே சிலிகான் எண்ணெய். கெட்டியாக ஊற்றினால் இரண்டு சக்கரமும் பெரும்பாலும் சேர்ந்தே சுற்றும். தண்ணியாக ஊற்றினால் அது அது இஷ்டம். முன்னால் கெட்டி, பின்னால் தண்ணி என்பது அத்தானின் கட்சி. ஊற்றியதும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பார்.

போன மாதம் லாரி அந்த நோட்டை மதிப்பதை நிறுத்திக்கொண்டது. வளைவுகளில் வாலை ஆட்டிக்கொண்டு பறந்தது. அக்கா மூன்று ஞாயிறு தொடர்ந்து முதலாவதாக வந்தாள். எல்லோரும் கைதட்ட, அத்தான் மட்டும் வேலி ஓரமாக நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். ஜெயித்த வீட்டில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. முன்பெட்டியைத் திறந்தார், தண்ணி எண்ணெய். பின்பெட்டியில் கெட்டி. நோட்டில் நேர்மாறாக இருந்தது. துடைத்துவிட்டுச் சரியாக ஊற்றினார். அடுத்த புதன் திறந்தால் மறுபடியும் தலைகீழ். அதற்கடுத்த புதனும் அதே கதை.

"மண்டையில எண்ணெய் வத்திப்போச்சு அத்தான், மொதல்ல அதுக்கு ஊத்துங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரும் சிரித்தார்.

நான்காவது புதன் அவர்கள் சமையலறையில் சுவிட்ச் மாற்றப் போயிருந்தேன். எலக்ட்ரீஷியனாக ஒரு தம்பி இருந்தால் அக்காவுக்குக் கூலி மிச்சம். மேஜையில் முன்பெட்டி திறந்து கிடந்தது. அத்தான் அதில் குச்சியை விட்டுத் தூக்கினார். எண்ணெய் தண்ணியாக ஒழுகியது, மறுபடியும் தலைகீழ். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"முதலாளிகிட்ட நீ குடுத்துடு மச்சான். எனக்கு நேர்ல குடுக்கத் தைரியம் இல்ல."

"என்னது இது?"

"வேலைய விட்டு நின்னுக்கிறேன். எங்கப்பாவுக்கு அம்பத்திரண்டுல ஆரம்பிச்சது. செஞ்சத செய்யலம்பாரு, செய்யாதத செஞ்சேம்பாரு. கடைசில என்னையே யாருன்னு கேட்டாரு. எனக்கு இப்ப அம்பத்தொண்ணு. ஒரு மாசமா ஒவ்வொரு அட்டையையும் மூணு தடவ எண்ணித்தான் குடுக்கறேன். எண்ணெய் மாறினா லாரி கவுந்துடும். மாத்திரை மாறினா?"

அடுத்த அறைக்குப் போய் அக்காவின் தையல் மெஷின் மேல் கடிதத்தை வைத்து, எண்ணெய் மாறிய விஷயத்தையும் சொன்னேன். அவள் படித்தாள். மெஷின் நின்றது.

"அடப்பாவி மனுஷா" என்றபடி எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"என்னங்க, மாத்தினது நான்தான். முன்பெட்டியும் பின்பெட்டியும் அச்சு அசலா ஒண்ணுதானே. சனிக்கிழமை லாரிய கழுவும்போது இதக் கழட்டி அங்க, அதக் கழட்டி இங்க மாட்டிடுவேன். பின்னால கெட்டியா இருந்தாத்தான் வால் வீசும், எனக்குத் திருப்பத் தோதா இருக்கு."

அத்தான் அவளையே பார்த்தார். லாரியைக் கழற்ற வீட்டில் தன்னைத் தவிர ஆள் இல்லை என்று நம்பிய மனிதர்.

"உனக்குக் கழட்டத் தெரியுமா?"

"நாலு ஸ்க்ரூ. பாத்துக்கிட்டேதானே இருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா நோட்டுல எழுதுறீங்க. எப்படிச் சொல்றது?"

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. குச்சியைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப நான் ஊத்தினது?"

"சரியாத்தான் ஊத்தினீங்க."

"மொத வாரமும்?"

"எல்லா வாரமும்."

"நான் முன்னாலன்னு எழுதினப்ப..."

"முன்னாலதான் இருந்தது. நான் தொடற வரைக்கும்."

குச்சி கீழே விழுந்தது. அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். மண்டையில் எண்ணெய் வற்றிப்போச்சு என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தலைவலி மாத்திரை வேண்டுமென்று கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். தலைவலி ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நீளமான சீட்டை நீட்டினார். அத்தான் படித்தார், எடுத்தார், அட்டைகளை ஒரே ஒருமுறை எண்ணி அவர் கையில் கொடுத்தார்.