இன்பராஜின் அமெரிக்கக் காசுகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் பஸ்ஸில் இன்பராஜ் கண்டக்டர். 1981-இல் ஒரு நாள், அவருடைய தோல்பைச் சில்லறையில் கால் ரூபாய்களோடு ஒரு அமெரிக்க வெள்ளிக் காசும் கிடந்தது. இறக்கை வைத்த தொப்பியோடு ஒரு பெண் முகம், ஓரத்தில் 1917. அந்த முகத்தில் அவருக்கு மனசு விழுந்துவிட்டது. அதில் பொறித்த ஒவ்வொரு வருசத்துக்கும் ஒன்றாக அந்தக் காசைச் சேர்க்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து அமெரிக்கப் பாதிரிமார் பங்களாவில் சமையல் பார்த்தவர்களின் வீடுகளில் ஒன்றிரண்டு கிடைத்தன.

1987-இல் மழை பொய்த்தபோது ஜனங்கள் வெள்ளிச் சாமான்களை விற்றார்கள். டவுனில் வெள்ளி உருக்கும் சோலைச்சாமி, அவற்றில் அமெரிக்கக் காசு இருந்தால் இன்பராஜுக்கு எடுத்து வைப்பார். அப்படி வந்த ஒரு 1919 காசு கறுத்துப் போயிருந்தது. அரைஞாண் கயிற்றில் கோர்க்க வளையமும் பற்றவைத்திருந்தது. வளையத்தை எடுத்துவிட்டு மெருகு போட்டுத் தரச் சொன்னார் இன்பராஜ். காசு புதுசாக மின்னியது.

இரண்டு வருசம் கழித்து, திருச்சுழியில் ஏறிய சவுந்தரம் என்ற பெண் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள்.

“அண்ணே, எம்மவன் சாம்ராசு இடுப்புல கெடந்த காசு உங்ககிட்ட இருக்குன்னு சோலைச்சாமி சொன்னாக. அவன் காமாலையில கெடந்தப்ப வித்தோம். பிள்ளையும் தங்கல. ஒருதரம் பாத்துட்டுத் தாரேன்.”

மறுநாள் இன்பராஜ் அதைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“இது இல்லண்ணே. பின்னாடி ஊசியால நானே சிலுவை கீறியிருந்தேன்.”

ஆமாம், இது வேறு காசு என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்திருக்கும். இன்பராஜால் அது முடியவில்லை.

“இதுதாம்மா. நாந்தான் மெருகு போடச் சொன்னேன். அதுல போயிருச்சு. நீங்களே வச்சுக்கங்க.”

அவள் கட்டைவிரலால் அந்த வழவழப்பைத் தடவினாள். பிறகு காசை அவர் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

“எம்பிள்ளை காசு போயிருச்சுண்ணே. இது உங்களுது.”

தன் ஊர் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

அதன்பிறகு எந்தக் காசையும் அவர் துடைக்கக்கூட இல்லை. வளையம், ஓட்டை, கீறல் எல்லாம் அப்படியே இருக்க, யார் வீட்டுக் காசு என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து மடித்து வைத்தார். மதுரையிலிருந்து வந்த நாணய வியாபாரி ஒருவர் அவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்பராஜ் காசுகளை மறுபடி தாளில் மடித்து வைத்தார்.

1993-இல் ஒரு மத்தியானம், கூட்டமில்லாத பஸ்ஸில் சவுந்தரம் கேட்டாள்.

“இன்னமும் சேக்குறீகளா?”

“சேக்குறேம்மா.”

“தேய்க்கிறீகளா?”

“இல்லம்மா.”

அவள் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.