சீர் ஊர்வலத்தில் ஊத்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. பயம் மட்டும் இன்னும் விடவில்லை.

கத்தாரில் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். கூரைக்குள் படுத்துப் பைப்பைத் துடைக்கும்போது கீழே மூன்று பேர் வாசிப்பார்கள். சாக்ஸபோன், வயலின், ஊத். ஊத் அரபிகளின் தந்தி வாத்தியம். வயிறு பெருத்து, கழுத்து குட்டையாகி, தலை பின்பக்கம் ஒடிந்து கிடக்கும். எங்கள் குடும்பத்து ஆண்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற தோரணை. சாக்ஸ்காரர் ஜாஸில் இஷ்டத்துக்குக் கிளம்பிப் போவார். மற்ற இருவரும் ஒரு சின்ன அறைக்குள் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி முகம் பார்த்து வாசித்தே அவரைத் திரும்பக் கூட்டிவருவார்கள். சொக்கிப்போனேன். ஊர் திரும்பும்போது மிக்ஸிக்குப் பதில் ஊத் வாங்கினேன். விமானத்தில் உடைந்துவிடும் என்று பயந்தேன். உடையவில்லை. ஏன் உடையவில்லை என்று பயந்தேன்.

பெரம்பலூரில் ஏசி ரிப்பேர் கடை போட்டேன். கல்யாண பேண்டில் சாக்ஸ் ஊதுகிறவர் ஒருவரும், ஏலாக்குறிச்சி மாதா கோயில் பாட்டுக்குழுவில் வயலின் வாசிக்கிறவர் ஒருவரும் கிடைத்தார்கள். மதியத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பழகுவோம். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் குனிந்து எட்டிப்பார்த்து, "கம்ப்ரசர் போயிருச்சாங்க? இந்தக் கத்து கத்துதே," என்றார்.

தங்கை போன் செய்தாள். அவள் மகளுக்குக் கல்லங்குறிச்சியில் மொட்டையடித்துக் காதுகுத்து. தாய்மாமன் நான், மேளதாளத்தோடு சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டும்.

"அண்ணே, எங்க ஓர்ப்படியா அண்ணன் சீருக்குக் குதிரையே கூட்டியாந்தாரு. எங்க மாமியா இன்னும் அதையே சொல்லிக் குத்திக்காட்டுது. நீ டிரம் செட்டு கூட்டியா. அது வாயை அடைக்கணும்."

"பாத்துக்குறேன்," என்றேன். டிரம் செட்டுக்குச் சொல்லவில்லை. என்னிடம்தான் ஒரு குழு இருக்கிறதே! வாழ்நாளில் பயப்படாமல் நான் எடுத்த ஒரே முடிவு. அதனால்தான் அப்படிப் போனது.

குட்டியானை வண்டியில் ஸ்பீக்கர் கட்டி, வாத்தியத்தைத் தோளில் மாட்டி நடந்தேன். ஆடுவதற்காக வேட்டியை மடித்துக் கட்டிய தங்கை வீட்டுப் பையன்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேட்டியை இறக்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "யாரு போயிட்டா?" என்று கேட்டார். மண்டப வாசலில் தங்கையின் மாமியார்.

"என்ன தம்பி, பூசணிக்காய்க்குக் கயிறு கட்டித் தூக்கியாந்திருக்க?"

தங்கை என்னைப் பார்க்கவே இல்லை.

மொட்டையடித்து, சந்தனம் பூசி, "தாய்மாமன் மடியில புள்ளைய உக்கார வைங்க," என்றார்கள். மடியில் ஊத் இருந்தது. எந்தத் தந்தி அறும் என்றுகூட யோசித்து வைத்திருந்த நான், இதை யோசிக்கவே இல்லை.

"எத எறக்கி வைக்கப்போற, புள்ளையவா பூசணியவா?" என்ற மாமியாரிடமே வாத்தியத்தை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. எங்கள் சாக்ஸ்காரருக்கு என்ன தோன்றியதோ, அதே சுருதியில் ஒரு வீறல் ஊதினார். குழந்தை திகைத்து அவரைப் பார்த்தது. ஒரு காது முடிந்தது. மறுபடி வீறல், இம்முறை வயலின் கெஞ்சுகிற மாதிரி பதில் சொன்னது. குழந்தை கோபமாக ஏதோ திட்டியது. சாக்ஸ் திருப்பித் திட்டியது. மண்டபமே சிரித்தது. மாமியார் தன்னை மறந்து ஒரு தந்தியைச் சுண்ட, 'டொய்ங்' என்றது. குழந்தை அந்தப் பக்கம் திரும்ப, இரண்டாவது காதும் முடிந்தது.

மாமியார் என் தங்கையைப் பார்த்தார். "அந்தக் குதிரை சாணி போட்டதோட சரி. எம் பேத்திக்கு ஒரு பதில் சொல்லுச்சா?"

தங்கை அப்போதுதான் என் பக்கம் வந்து, குழந்தையை வாங்குகிற சாக்கில் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "தப்பிச்சண்ணே. அடுத்தது எம் பையனுக்கு. மரியாதையா டிரம் செட்டு கூட்டியா."

"கூட்டியாரேன்," என்றேன். என் கவலை வேறு. மாமியார் இன்னும் ஊத் தந்தியைச் சுண்டிக்கொண்டிருந்தார், சந்தனக் கையோடு. திருப்பிக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.