லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன்

வீடு கட்டிக் கொடுக்கிற தொழிலில், பூசி முடித்த பிறகு எல்லாருடைய வேலையும் நல்ல வேலைதான். ராஜபாளையத்தில் இருபது வருஷமாகக் கட்டுகிறேன். லைசென்ஸைப் புதுப்பிக்கப் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வரவேண்டும் என்றபோது, இதே தொழிலில் இருக்கிற உங்களைப் போலவே நானும் முனகினேன்.

முன் வரிசை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று சனிக்கிழமை வகுப்பு. என்னைப் போலவே வீடு கட்டுகிற பீர் முகமதுவும் நானும் ஒரே பைக்கில் போனோம். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் நழுவுவதாகத் திட்டம். சாயங்காலமும் ஒரு கையெழுத்து உண்டு என்றார்கள். பாடம் எடுத்தவர் என் மகள் வயதுப் பொறியாளர். நான் கடைசி வரிசைக்கு நடக்க, பீர் முகமது முன்னால் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன்.

"பின்னால இருந்தா தூக்கம் வருது. இங்க இருந்தா பயம் வருது. பயத்துல நாலு வார்த்தையாவது காதுல விழும்ல."

கொக்கி

இரண்டாவது சனிக்கிழமை அந்தப் பெண் பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் இரண்டு முனையும் கொக்கி மாதிரி உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும், நேராக 'எல்' போல விட்டால் பாரம் ஏறும்போது விரிந்துவிடும் என்றார். நான் இதுவரை விட்டதெல்லாம் 'எல்'தான்.

மறுநாள் வன்னியம்பட்டியில் செல்வமேரி டீச்சர் வீட்டுக்குப் பில்லர் கான்கிரீட். அதை நிறுத்தி, ரிங் எல்லாவற்றையும் கழற்றி மடக்கச் சொன்னேன். கம்பி கட்டுகிற மாரியப்பன் இத்தனை வருஷம் எந்த வீடு விழுந்தது என்று கேட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மடக்கினார். டீச்சரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி சார். அப்ப எங்க அண்ணன் வீட்ல எப்படி மடக்குனீங்க?"

மாடி

அந்த அண்ணன் அந்தோணியின் வீடும் நான் கட்டியது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் மாடி எடுக்க இருந்தார். அதற்கு வரைபடமும் நான்தான் போட்டிருந்தேன். இரண்டு நாள் அவர் தெருப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன்: உங்கள் பில்லர் ரிங்கும் 'எல்'தான், இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் சோதிக்காமல் மேலே பாரம் ஏற்றக்கூடாது, ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் திட்டவில்லை. காபி குடிக்கவும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவரே தேடி வந்தார். பில்லர்களைச் சுற்றி இன்னொரு அடுக்குக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்தினால் மாடி எடுக்கலாம் என்று வந்து பார்த்தவர் சொன்னாராம். அந்த வேலையை என்னையே செய்யச் சொன்னார். எதற்கு என்னிடம் என்று கேட்டேன்.

"நீங்க வந்து சொல்லலேன்னா எனக்கு எப்படித் தெரியும்? சொல்லாத ஆள்ட்ட குடுத்துட்டு நான் எப்படி கீழ படுத்து உறங்க?"

சான்றிதழ்

சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினேன். மகாராஜபுரத்திலிருந்து வீடு கட்டக் கேட்டு வந்த விவசாயி ஒருவர் எழுந்து போய் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருபது வருஷமா கட்டுதீகன்னு சொன்னாக. படிப்பு போன மாசந்தான் முடிஞ்சிருக்கு போல."

புது லைசென்ஸில் ஒட்டியிருக்கும் என் படம் மட்டும் பழசு, அதில் இருப்பவன் எல்லாம் தெரிந்தவன் போலச் சிரிக்கிறான்.