இடது கை கட்டிய தூண்டில்

எனக்கும் என் மகனுக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. சனிக்கிழமை மதியம் ஆபீஸ் விட்டதும் கரமனையில் இருந்த வீட்டுக்கு வந்து, நாலு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் விழிஞ்ஞத்துக்குக் கிளம்பிவிடுவோம். அவன் மிதிப்பான். நான் பின்னால் தூண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரம் பண்ணுவேன். வெயில் தாழும்வரை பாறைமேல் நின்று கயிற்றை எறிவோம். மீன்கள் இரையைத் தின்றுவிட்டு வெறும் தூண்டிலைத் திருப்பி அனுப்பும். அதற்கே அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என் மனைவி ஒரு வாரம் சொல்லிக் காட்டுவாள். அதனால் கரையில் சாளை மீன் வாங்கி, தேக்கிலையில் பொதிந்து, நாங்களே பிடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்போம். அவள் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வலையில விழுற சாளை ஒங்களுக்கு மட்டும் தூண்டியில விழுதாக்கும்!" என்பாள்.

"அது அப்பாவுக்க ராசி அம்மா," என்பான் அவன். அப்புறம் மூன்று பேரும் அந்தச் சாளையை எலும்பு மிச்சம் வைக்காமல் தின்போம். என் மனைவிக்கு மீன் என்றால் உயிர். தலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, உப்பு சரி என்று தலையாட்டுவாள் பாருங்கள், அந்தத் தலையாட்டலுக்காகவே எங்கள் இரண்டு பேருக்கும் பசி எடுக்கும்.

தூண்டில் கட்டுவது மகனுடைய வேலை. முள்ளின் காம்பில் மெல்லிய பித்தளைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அதில் கயிற்றைப் பிணைப்பான். அவன் இடது கைக்காரன். சாப்பிடும்போது மட்டும் அம்மாவின் அடிக்குப் பயந்து வலது கை. மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். அதனால் கம்பிச் சுற்று எல்லோரும் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக ஓடும். நான் எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறேன். என் கைக்கு அது வராது.

மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்து அவன் கப்பல் ஏறினான். போகிறதற்கு முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து, ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தூண்டில் கட்டி என் கையில் கொடுத்தான். "இது தீர்றதுக்குள்ள லீவுல வந்துருவேன் அப்பா. கஞ்சத்தனம் பண்ணாம எறியுங்க," என்றான்.

போய்ச் சேர்ந்து ஒழுங்காகக் கடிதம் போட்டான். பிறகு ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்தான். கடிதம் நின்றுபோயிற்று. யாரிடம் கேட்டாலும் தெரியாது. ஆபீஸில் எல்லோரும் பத்திரிகையை என் கண்ணில் படாமல் மடித்து வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் சாயங்கால ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது என் மனைவி சொன்னாள்: "அவன் வந்து இந்த வாசலை மிதிக்கிற வரைக்கும் மீன் எனக்க வாயில படாது. இது பொருத்தனை."

"அப்படியானா நானும் விட்டுடுறேன்," என்றேன்.

"வேண்டாம். பொருத்தனை எனக்குள்ளது. நீங்க தின்னணும். நான் வச்சுத் தருவேன்."

சொன்னபடி வைத்துத் தந்தாள். ஆனால் உப்புப் பார்க்கமாட்டாள். குழம்பு நாக்கில் பட்டுவிட்டால் பொருத்தனை போயிற்றே! அன்றிலிருந்து எங்கள் வீட்டு மீன்குழம்பு ஒரு நாள் கடல் தண்ணீர், ஒரு நாள் வெறும் தண்ணீர். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் எதிரே உட்கார்ந்து துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும்போது உப்பைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

கேளுங்கள் அநியாயத்தை. தின்ன ஆள் இருந்தபோது வராத மீன் அப்போதுதான் வர ஆரம்பித்தது. எறிந்தால் மீன். ஒரு சனிக்கிழமை சின்ன மீன் ஒன்று மாட்டி, நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய பாரை மீன் வந்து அதை விழுங்கி, இரண்டும் ஒன்றாகப் பாறைமேல் வந்து விழுந்தன. இன்னொரு சனிக்கிழமை, கயிற்றைக் கல்லில் கட்டிவைத்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு சங்கரா மீன் தானாக மாட்டிக்கொண்டு துள்ளுகிறது. கட்டுமரக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "சாரே, கோளடிச்சல்லோ! யோகம்தான்! ஐசுவரியமுள்ள கை!" என்றான் ஒருவன். அந்த மீனைத் தூக்கி அவன் முகத்திலேயே எறியலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

பிடித்ததில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அங்கேயே கொடுத்துவிட்டு வருவேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியவில்லை. டப்பா தீர்வதற்குள் வருவேன் என்று அவன் சொன்ன சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எறியாமல் இருந்தால் அவன் வரவை நானே தடுப்பதுபோல இருந்தது, எறிந்தால் அவன் வருமுன் தீர்ந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. பாறை இடுக்கில் சிக்கினால் முன்பெல்லாம் கயிற்றை அறுத்துவிட்டு வருகிறவன், இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூண்டிலை எடுத்து வருவேன். அப்படியும் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் கடைசித் தூண்டிலை ஒரு கலவா மீன் கவ்விக்கொண்டு தன் பொந்துக்குள் போய்விட்டது. கயிறு பாறையில் உரசி அறுந்தது. நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். அவள் காலி டப்பாவைக் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

மழைக்காலம் முழுக்க நான் கடலுக்குப் போகவில்லை. ஓணம் கழிந்து வெயில் தெளிந்ததும் மனசு கேட்காமல் அதே பாறைக்குப் போனேன். நானே கோணல்மாணலாகக் கட்டிய தூண்டில். எறிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இந்தத் தடவை விடவில்லை. கலவாதான். நல்ல பெரிசு. அதன் வாயைத் திறந்து என் தூண்டிலைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தாடை ஓரத்தில் இன்னொரு தூண்டில். இரும்பு துருவேறித் தேய்ந்திருந்தது. பித்தளைச் சுற்று மட்டும் பச்சை பிடித்து அப்படியே இருந்தது. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுற்று எதிர்ப்பக்கமாக ஓடியது.

எப்படி சைக்கிள் மிதித்தேன், எந்த வழியாக வந்தேன் என்று எனக்கே தெரியாது. வாசலிலேயே கூப்பாடு போட்டேன். "எட்டி, ஓடி வா! இஞ்ச பாரு! அவன் கெட்டின தூண்டி! கடலுக்குள்ள போனது திரும்பி வந்திருக்கு! இனி அவனும் வருவான். இதுக்கு மேல ஒரு அடையாளம் வேணுமா?"

அவள் தூண்டிலைக் கையில் வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். சுற்றின்மேல் விரலை வைத்து, ஒருமுறை மெல்லத் தடவினாள். அதைத் தலைவாசலில் வேதப்புத்தகம் வைக்கும் பலகையின்மேல் வைத்துவிட்டு, மீனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

நான் கூடத்தில் இருந்துகொண்டு ஓயாமல் பேசினேன். அவன் வந்தால் அவனுக்குப் பெண் பார்ப்பது வரைக்கும் பேசினேன். அவள் உள்ளே தேங்காய் அரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சோறு போட்டாள். மீன்குழம்பை ஊற்றினாள். முதல் வாய் வைத்ததும், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன்.

"ஆகா! இன்னைக்குத்தான் கறி கறியா இருக்கு! உப்பு என்னமா பிடிச்சிருக்கு!"

நிமிர்ந்தேன். அவளும் தட்டு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். தட்டில் கலவாவின் தலை இருந்தது.

கையிலிருந்த உருண்டையைத் தட்டில் போட்டேன். "என்ன பிள்ளே இது? அவன் இன்னும் வரல்லியே."

"வர வேண்டியது வந்தாச்சு," என்றாள். "கடலு அம்புட்டுதான் தரும்."

"வாயைக் கழுவுடி!" என்று கத்தினேன். "அவன் வருவான்! வருவான்!" அவள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. அழவும் இல்லை. தலையை உடைத்து, அவளுக்குப் பிரியமான கன்னச்சதையை எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல முடியாமல் மென்றாள்.

யுத்தம் முடிந்து மலேயாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது நான் ஒருவர் விடாமல் போய் விசாரித்தேன். அவள் ஒரு வீட்டுக்கும் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தட்டின் முன்னால் அவள் செய்து முடித்ததைச் செய்ய எனக்கு இன்றுவரை திராணி வரவில்லை.

அன்று நான் குழந்தைபோல விசும்பிக்கொண்டிருந்தேன். அவள் கையை நீட்டி, என் தட்டில் கிடந்த துண்டத்தின் நடு எலும்பைப் பிரித்து எடுத்தாள்.

"தின்னுங்க," என்றாள். "ஆறிப்போவும்."