ஒரே நம்பர், இரண்டு பாத்தி

கண்ணில் படாத, கையில் சிக்காத ஒன்றை அளந்து விதைக்குக் கொடுத்துவிட்டு, அது முளைக்கிறதா என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். எழுபதுகளின் தொடக்கத்தில் அரூர் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் நான் தற்காலிக வயல் உதவியாளர். என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் பண்ணை அதிகாரியின் மேஜையில் கிடந்தது. தற்காலிக வேலையில் காய்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பார்சல் வந்த நாள்

சேலம் பஸ்ஸில் இரண்டு கவர் நிலக்கடலை விதை வந்தது. வெவ்வேறு ஊர் ஆய்வுக்கூடங்களில் நியூட்ரான் கதிர் பட்ட விதை. இரண்டு கவரிலும் டோஸ், அதாவது விதைக்குக் கொடுத்த கதிரின் அளவு, ஒரே நம்பர். அளவாகப் பட்டால் புது ரகம் கிடைக்கலாம். மீறினால் விதை செத்துப்போகும். தினக்கூலிக்குப் பாத்தி பிடிக்க வந்த சவரியம்மாவிடம் இதைப் பெரிய படிப்பாளி தோரணையில் சொன்னேன். அவர் ஒரு பருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணுக்கே தெரியாதுன்னு சொல்றீங்க. அப்பறம் பட்டுச்சுன்னு எப்பிடிங்க சார் நம்பறது?"

மொட்டைப் பாத்தி

முதல் கவர் செழித்து முளைத்தது. இரண்டாவது கவர் போட்ட பாத்தி மொட்டை. இரண்டு கவரிலும் மிச்சமிருந்த விதையைப் பாத்தி மாற்றிப் போட்டு, நானே தண்ணீர் கட்டினேன். மறுபடியும் இரண்டாவது கவர்தான் மொட்டை. கவர்களை மாற்றிவிட்டேனோ, தூக்கத்தில் ஏதாவது செய்துவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதிகாரி வரப்பில் நின்று பார்த்தார். ஃபைலில் கையெழுத்து விழாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஒரே டோஸ், ஒரே மண்ணு, ஒரே தண்ணி. மிச்சம் இருக்கற கோளாறு நீ ஒருத்தன்தான்யா."

சந்தைக் கணக்கு

அன்று மத்தியானம் களை எடுத்துக்கொண்டிருந்த சவரியம்மாவிடம் புலம்பினேன். நம்பர் ஒன்றுதான், அளந்தவர்கள்தான் வேறு வேறு என்றேன். அவர் நிமிர்ந்து, சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எந்த வள்ளத்துல அளந்தாங்கன்னு கேட்டீங்களா சார்? கடத்தூர் சந்தையில தானியம் அளக்கற வள்ளப்படிய ஒருத்தரு தலை தட்டி அளப்பாரு, பக்கத்துக் கடைக்காரரு குமிச்சு அளப்பாரு. ரெண்டுக்கும் பேரு ஒரு வள்ளந்தானுங்க!"

பதில் கடிதம்

வள்ளம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, எப்படி அளந்தீர்கள் என்று இரண்டு இடத்துக்கும் எழுதிப்போட்டேன். பதில் வந்தது. ஒரு இடத்தில் நியூட்ரானோடு ஒட்டிக்கொண்டு வரும் காமா கதிரையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் நியூட்ரானை மட்டும் கணக்கில் வைத்து, காமாவை விட்டிருக்கிறார்கள். அந்த விதைதான் நம்பருக்கு மேல் காமாவையும் கூடுதலாக வாங்கிச் செத்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு அளவு கொண்டுவர முயற்சி நடக்கிறது என்றும், புற்றுநோய்க்கு இதே கதிரால் செய்யும் வைத்தியத்துக்கும் அது வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதிகாரி கடிதத்தைப் பார்த்துவிட்டு என் ஃபைலில் கையெழுத்துப் போட்டார். நான் சந்தோஷமாக ஓடிப்போய்க் கடிதத்தைச் சவரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வைத்தியம் என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"கல்லக்கா வெதை செத்தா வேற போட்டுக்கலாம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மனுசனுக்கு இதுவரைக்கும் இந்தக் கதிர எந்த வள்ளத்துல ஊத்தினாங்களாம் சார்?"

விடை தெரியாமல் விழித்த நான் நிரந்தரமானேன், கேள்வி கேட்ட சவரியம்மா கடைசிவரை தினக்கூலியாகவே இருந்தார் என்பதுதான் அந்தப் பண்ணையில் நான் பார்த்த அளவுகளிலேயே எனக்கு விளங்காத அளவு.